கொடிமலைக்குக் கீழே ஒரு கடைத்தெரு: ஜார்ஜ்டவுனை எப்படிப் பார்ப்பது?

பினாங்குக்குப் போறீங்கன்னு சொன்னா நண்பர்கள் உடனே ஒரு பட்டியல் அனுப்புவாங்க. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் சுவரோவியம், சூ ஜெட்டி, கெக் லோக் சி, மலை ரயில், ஒரு தட்டு நாசி கண்டார், ஒரு கிண்ணம் செண்டோல். வேகமா நடந்தா ஒன்றரை நாள்ல முடிச்சிடலாம். ஃபோன்ல 300 படம் சேர்ந்திருக்கும்.

அந்தப் பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த ஊரில் கூடுதலாக ஒரு வரைபடம் கிடைக்கும். கோட்டை, மசூதி, கோயில், மலை, சாப்பாட்டுக் கடை என நீங்கள் நின்று பார்க்கும் இடங்களில் பாதிக்கு மேல், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கை பட்டவை. வணிகர்கள், கூலிகள், கைதிகள், நாடு கடத்தப்பட்டவர்கள் என எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். சுற்றுலாக் கையேடுகள் இதை ஒரு வரியில், 'லிட்டில் இந்தியா' என்ற தலைப்பின்கீழ் முடித்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது கட்டடங்களின் அழகோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பல இன, பல சமய மக்கள் இன்றும் அங்கே வாழ்ந்துகொண்டிருப்பதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. அந்த மக்கள் இப்போது அங்கே எத்தனை பேர் மிச்சம்? அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஊருக்குள் போகலாம்.

எந்த வழியா நுழையணும்?

முடிந்தால் ஃபெரியில் போங்க. பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது, இரண்டாவது பாலம் 2014-இல் வந்தது. காரில் போகிறவர்களுக்கு இரண்டும் வசதிதான். ஆனால் கே.எல்.-லிருந்து இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் படகுத்துறைக்கு நடந்து, கடலைக் கடந்து போனால்தான் இந்த ஊரின் அமைப்பு புரியும். பழைய பெரிய ஃபெரிகள் ஓய்வுபெற்று, 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. சவாரி சில நிமிடம்தான். வாட்ஸ்அப்பை மூடி வைச்சிட்டு முன்னால பாருங்க.

எதிரே தாழ்வான கரை, பழைய கிடங்குகள், அவற்றுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் கொம்தார். அதற்கும் பின்னால் பச்சைச் சுவர் மாதிரி எழும் மலை. உச்சி 833 மீட்டர். கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சமதரையில்தான் இந்த ஊர் முழுவதும் இருக்கிறது. கப்பலில் வந்தவர்களுக்குக் கடற்கரை பிழைப்பைக் கொடுத்தது. மலை தண்ணீரைக் கொடுத்தது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும் கூடுதலாகக் குளிர்காற்றும் கிடைத்தது.

மலாயில் இந்த மலைக்கு புக்கிட் பெண்டேரா என்று பெயர். தமிழர்கள் கொடிமலை என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள். கப்பல் வருவதைக் கீழே ஊருக்குத் தெரிவிக்க மேலே கொடி ஏற்றிய காலத்தின் பெயர் அது. உங்க தாத்தா பாட்டி பினாங்குக்காரங்கன்னா, அவங்க வாயில் 'பினாங்கு ஹில்' வந்திருக்காது, கொடிமலைதான் வந்திருக்கும்.

கோட்டையில் பீரங்கி தவிர என்ன இருக்கு?

1786 ஆகஸ்டு 11-ஆம் தேதி பிரான்சிஸ் லைட் இங்கே பிரிட்டிஷ் கொடியை ஏற்றித் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கினார். கெடா சுல்தான் எதிர்பார்த்தது சயாமுக்கு எதிரான ராணுவப் பாதுகாப்பு. கம்பெனி அதைத் தரவில்லை. 1791-இல் சுல்தான் தீவை மீட்க முயன்று தோற்றார். பிறகு ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று ஓர் ஒப்பந்தத்தோடு கதை முடிந்தது. ஊருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர். அப்படித்தான் இது ஜார்ஜ்டவுன் ஆனது.

லைட் கரையிறங்கிய இடத்தில் நிற்பதுதான் கார்ன்வாலிஸ் கோட்டை. முதலில் நிபோங் மரக் கம்புகளால் போட்ட வேலி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செங்கல் கோட்டையாக்கினார்கள். இந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. சுவரில் இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் வார்த்தது. குழந்தை வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்வார்கள் என்பது பழைய நம்பிக்கை.

செங்கல்லைச் சுமந்தது யார்? கம்பெனி ஆட்சி இந்தியாவில் தண்டித்தவர்களை 1790-கள் முதல் பல பத்தாண்டுகள் கப்பலில் ஏற்றி பினாங்குக்கு அனுப்பியது. இந்த ஊரின் ஆரம்பகாலச் சாலைகள், வடிகால்கள், அரசுக் கட்டடங்கள் பலவற்றில் அந்தக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் (1818) அவர்கள் கட்டியதுதான். அந்தப் புல்வெளியில் கல்யாணப் படம் எடுக்காத ஜோடி பினாங்கில் குறைவு.

அனுப்பப்பட்டவர்களில் எல்லாரும் திருடர்களோ கொலைகாரர்களோ கிடையாது. தமிழ்நாட்டு வரலாற்றுப் பாடத்தில் மருது சகோதரர்கள் வருவார்கள். சிவகங்கைச் சீமையை ஆண்டவர்கள், கம்பெனியை எதிர்த்தவர்கள், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்கள். பாடம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு, 1802 பிப்ரவரியில், எஞ்சிய போராளிகள் 70-க்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். கப்பல் போன இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. அதாவது இதே பினாங்கு.

அந்தக் கப்பலில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தார். பதின்ம வயதுப் பையன். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, போருக்கு முன்னால் சின்ன மருதுவோடு பழகியவர், அவரிடமே ஈட்டி எறியக் கற்றுக்கொண்டவர். 1818-இல் அவர் பினாங்குக்கு வந்தபோது துரைசாமியைச் சந்தித்தார். இளம் வயதிலேயே முதியவர் போல உருக்குலைந்துபோன ஒருவரைப் பார்த்ததாக, பின்னர் 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டதும் அதே 1818-தான். கோட்டைச் சுவர்மீது நின்று கடலைப் பார்க்கும்போது, எதிர்த்திசையில் வங்காள விரிகுடாவைத் தாண்டித் தூத்துக்குடி இருப்பதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

சூலியா தெருவில் 'சூலியா' யார்?

லைட் போட்ட முதல் நகர வரைபடத்தின் எல்லைகளாக நான்கு தெருக்கள் இருந்தன: லைட் ஸ்ட்ரீட், பீச் ஸ்ட்ரீட், பிட் ஸ்ட்ரீட், நான்காவது இன்றைய லெபோ சூலியா. அதற்கு முதலில் மலபார் தெரு என்று பெயர். இன்று பேக்பேக்கர் விடுதிகளும் இரவு நேர வான்டன் மீ தள்ளுவண்டிகளும் நிறைந்த தெரு இது.

சூலியா என்று அழைக்கப்பட்டவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். 'சோழ' என்ற சொல்லோடு அந்தப் பெயரைத் தொடர்புபடுத்துவது வழக்கம். லைட் வருவதற்கு முன்பே கெடாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். 1794-இல் லைட் எழுதிய அறிக்கையில் சுமார் 1,000 பேர் இங்கே குடியிருப்பதாகவும், ஒவ்வோர் ஆண்டும் 1,300 முதல் 2,000 ஆண்கள் வரை கப்பலில் வந்து, உழைத்துச் சம்பாதித்து, திரும்பிப் போவதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். ஊர் தோன்றி எட்டே ஆண்டு. ஆக, 'பிறகு வந்து சேர்ந்தவர்கள்' என்று நம்மைப் பற்றி யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

சூலியா தெருவும் பிட் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் பகுதியில் கப்பித்தான் கெலிங் மசூதி. 1801-இல் கம்பெனி கொடுத்த நிலத்தில், சூலியா சமூகத்தின் தலைவரான காதர் முகைதீன் தொடங்கிவைத்தது. கப்பித்தான் என்றால் சமூகத் தலைவர். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கப்பித்தானை வைத்து ஆட்சி நடத்துவது அன்றைய முறை. இப்போது நீங்கள் பார்க்கும் குவிமாடங்களும் மினாராவும் 20-ஆம் நூற்றாண்டுத் திருப்பணியின் தோற்றம்.

'கெலிங்' என்ற சொல்லைப் பார்த்து உங்களுக்குச் சுருக்கென்று இருந்தால் அது நியாயம்தான். கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் தென்னிந்தியர் எல்லாரையும் குறித்த சாதாரணச் சொல் அது. இன்று மலேசியாவில் அது வசைச்சொல். மசூதியின் பெயரில், தெருவின் பெயரில் அது பழைய பொருளோடு உறைந்து நிற்கிறது. பள்ளியில் யாராவது உங்களை அப்படிக் கூப்பிட்டால் 'வரலாற்றுச் சொல்தானே' என்று விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு.

அதே சூலியா தெருவில், லெபோ கிங் முனையில், நாகூர் தர்கா. சின்னக் கட்டடம், சுற்றிலும் ஒட்டிக் கட்டிய கடைகள், கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவீர்கள். நாகூரில் அடக்கமான ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1800-களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. கடல் பயணத்தைப் பத்திரமாக முடித்ததற்கு நன்றி சொல்லக் கப்பல்காரர்கள் வந்த இடம். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் பார்த்திருந்தால், இது அதன் மூத்த உறவு.

கடைத்தெருவுக்கு ஏன் இன்னும் அந்தப் பெயர்?

லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குயின். வரைபடத்தில் 'லிட்டில் இந்தியா'. பினாங்குத் தமிழர்களுக்குக் கடைத்தெரு. உலக மரபுடைமை வந்த பிறகு இந்தப் பகுதியில் தமிழிலும் தெருப் பெயர்ப் பலகைகள் வைக்கப்பட்டன. தலையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டே நடங்க.

குயின் ஸ்ட்ரீட்டில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். தமிழர்களின் கப்பித்தானாக இருந்த பெட்டி லிங்கம் செட்டி என்பவருக்கு 1801-இல் நிலம் வழங்கப்பட்டது. கோயில் 1833-இல் எழுந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க: 1801-இல் மசூதிக்கு நிலம், அதே 1801-இல் கோயிலுக்கு நிலம். அதே பிட் ஸ்ட்ரீட்டில் அந்த ஆண்டுகளை ஒட்டி எழுந்த குவான் யின் சீனக் கோயில், சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலிக்கன் தேவாலயம். இதைத்தான் இன்று 'நல்லிணக்கத் தெரு' என்று சுற்றுலாத் துறை விளம்பரம் செய்கிறது. உண்மையில் அது கொள்கைக்காகப் போட்ட தெரு கிடையாது. துறைமுகத்துக்கு ஆட்கள் வேண்டும், ஆட்கள் தங்க வேண்டும் என்றால் அவர்களுடைய சாமியும் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பெனி கணக்குப் போட்டு நிலம் கொடுத்தது. நல்லிணக்கத்தை மக்கள் பிறகு தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களில் பலர் துறைமுகத் தொழிலாளர்கள், படகுக்காரர்கள். லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கீழே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு தாழ்வான மேசை, ஒரு பெட்டகம், கணக்குப் புத்தகம். மேலே தங்குமிடம். மலாயாவின் சிறு வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் கடன் வாங்க வந்த இடம் அது. வங்கி அவர்களை வாசலில் நிறுத்திய காலத்தில் செட்டியார் உட்கார வைத்தார். வட்டியும் வாங்கினார் என்பது வேறு கதை.

1969-இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. 1970-களில் கொள்கலன் போக்குவரத்து எதிர்க்கரைக்குப் போனது. மூட்டை தூக்கும் வேலை குறைந்தது. தொழிலாளர்கள் போனார்கள், கடைகள் நின்றன. புடவை, நகை, மசாலா, பூ, சினிமாப் பாட்டு. இப்போது நீங்கள் கேட்கும் சத்தம் அந்த மிச்சம்.

நாசி கண்டாரில் 'கண்டார்' என்றால்?

தோளில் வைக்கும் கம்பு. இரண்டு முனையிலும் கூடை அல்லது பானை. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படித் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், வேலைக்குக் கிளம்பும் தொழிலாளிகளுக்குக் காலையிலேயே சோறு போட்டார்கள். பினாங்கில் நாசி கண்டாரைப் பசியாறுவதற்கே சாப்பிடுவது ஏன் என்று இப்போது புரியும்.

தமிழில் அந்தக் கம்புக்கு என்ன பெயர் என்று யோசித்தீர்களா? காவடி. துறைமுகத்துக்குச் சோறு சுமந்ததும் முருகனுக்குப் பால் சுமந்ததும் ஒரே கருவி.

கேம்பல் ஸ்ட்ரீட்டில் 1907 முதல் இயங்கும் ஹமீதியா உணவகம் இன்றும் இருக்கிறது. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களின் கைப்பக்குவம் இந்த ஊரின் பல கடைகளில் கிடைக்கும். மாமாக் என்ற சொல்லே நம்ம 'மாமா'விலிருந்து வந்ததுதான். எந்தக் கடை சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பினாங்குக்காரர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் நட்பு முறியும். குழம்பை மட்டும் கலந்து ஊற்றச் சொல்லுங்க. தனித்தனியா வாங்கினா அது வெறும் சோறும் கறியும்.

சரி, மலைக்கு எப்போ போறது?

கொம்தாரிலிருந்து 204-ஆம் எண் பேருந்து ஆயர் ஈத்தாம் வழியாக மலை அடிவாரத்துக்குப் போகும். வழியில் கெக் லோக் சி பௌத்தக் கோயில். 1930-இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரத்துக்குச் சீன அடித்தளம், தாய்லாந்து நடுப்பகுதி, பர்மிய முடி. ஆமைக் குளத்தைத் தாண்டினால் படிகள் அதிகம், தண்ணீர் எடுத்துக்கோங்க.

மலை ரயிலுக்கு முன்பு மேலே போக இரண்டு வழி. நடக்கணும், இல்லைன்னா டோலியில் உட்காரணும். நாற்காலியைத் தோளில் சுமந்து மலையேற்றிய கூலிகளின் முதுகில்தான் அதிகாரிகள் குளிர்காற்று வாங்கப் போனார்கள். 1890-களின் இறுதியில் தொடங்கிய முதல் ரயில் முயற்சி தோல்வி. இரண்டாவது முயற்சி 1923-இல் ஓடத் தொடங்கி, 1924 புத்தாண்டு நாளில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறி, அரை மணி நேரம் ஆடி ஆடிப் போன அந்தப் பயணம் உங்க அப்பா அம்மாவுக்கு நினைவிருக்கும். 2010-இல் அது நின்றது. 2011-இல் வந்த புதிய ரயில் ஏறக்குறைய 2 கிலோமீட்டரை நிற்காமல் சில நிமிடத்தில் ஏறிவிடுகிறது. வேகம் கூடியது. காட்டைப் பார்க்கும் நேரம் குறைந்தது. எனக்கு அதில் இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

மேலே போனதும் எல்லாரும் வேலிப் பக்கம் ஓடுவாங்க. கீழே ஊர், பாலம், எதிர்க்கரை. பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தால் அருளொளி திருமுருகன் கோயில், பக்கத்திலேயே ஒரு மசூதி. டோலி தூக்கியவர்களும் சிப்பாய்களும் கும்பிட்ட சின்னச் சந்நிதியாகத்தான் கோயில் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. பங்களாவில் தங்கியவர்களின் பெயர்கள் பலகைகளில் இருக்கு. தூக்கிக்கொண்டு வந்தவர்களின் அடையாளம் இந்தக் கோயில்தான்.

2021 செப்டம்பரில் பினாங்கு மலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர் மரபுடைமைக்கு 2008, மலைக்கு 2021 என இரண்டு அங்கீகாரங்கள். கூடவே ஒரு விவாதமும் நடக்கிறது. தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்கு ஒரு கேபிள் கார். ஒரே ரயிலை நம்பியிருப்பது ஆபத்து, அது பழுதானால் மேலே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள், வரிசையும் நீளம் என்பது ஆதரவாளர்கள் வாதம். ஏற்கெனவே நெருக்கடியான உச்சிக்கு இன்னும் ஆட்களை ஏற்றினால் காடு தாங்குமா என்பது சுற்றுச்சூழல் அமைப்புகளின் கேள்வி. 2017 நவம்பரில் கொட்டிய மழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்து, உச்சிக்குப் போகும் ஜீப் சாலை துண்டிக்கப்பட்டது. மலைக்கும் ஓர் அளவு இருக்கு என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

தைப்பூசத்தில் ஏன் இரண்டு ரதம்?

கொடிமலையின் இன்னொரு சரிவு தண்ணீர்மலை. அருவி இருப்பதால் அந்தப் பெயர். அருவிப் பள்ளத்தாக்கில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, பழைய கருங்கல் குவாரி ஒன்றின் மேல் எழுந்தது. குரங்குகளுக்குத் தீனி போடாதீங்க, பையைத் திறந்தும் வைக்காதீங்க.

பூங்கா போகும் சாலையில் 1850-களில் நகரத்தார் எழுப்பிய நாட்டுக்கோட்டை செட்டியார் தண்டாயுதபாணி கோயில். அதைத் தாண்டி, 500-க்கும் மேற்பட்ட படிகளுக்கு மேலே பாலதண்டாயுதபாணி கோயில். இன்றைய மலைக்கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன்பு சற்றுக் கீழே, அதற்கும் முன்பு அருவியின் அடிவாரத்தில். நீர்த்தேக்கத் தேவைக்காகப் பழைய சந்நிதி இடம் மாறவேண்டி வந்தது. ஊருக்கே தண்ணீர் கொடுத்த பள்ளத்தாக்கு அது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கின் கோவில் வீட்டிலிருந்து கிளம்பி நகரத்தார் கோயிலை அடையும். இந்தியாவிலிருந்து 1894-இல் வந்த ரதம் அது. வழி முழுவதும் தேங்காய் உடையும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். மலைபோல் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்தும் சீனக் குடும்பங்களை நீங்களே பார்க்கலாம். 2017 முதல் வேலைத் தாங்கிய தங்க ரதம் ஒன்றும் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து மலைக்கோயிலுக்குப் போகிறது. ஒன்று நகரத்தார் மரபு, மற்றது இந்து அறப்பணி வாரியத்தின் ஏற்பாடு. இரண்டு ரதம் தேவையா என்று அந்த ஆண்டு தமிழ்ப் பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பக்தர்கள் இரண்டுக்கும் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரு ஓவியம் சரி, வீட்டுக்காரர் எங்கே?

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் உண்மையான சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி வரைந்த இரண்டு பிள்ளைகள் ஓவியம், லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. அந்த ஒரு சுவர் இந்த ஊரின் சுற்றுலாவையே மாற்றியது. இன்று வரிசையில் நின்றுதான் படம் எடுக்கணும்.

அந்தத் தெருவில் முன்பு குடியிருந்தவர்களின் கதைக்கு ஒரு சட்டத்தைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன்பு கட்டிய கட்டடங்களின் வாடகையை மிகக் குறைவாகப் பூட்டி வைத்திருந்தது. நாட்டிலேயே அப்படிப்பட்ட கடைவீடுகள் அதிகம் இருந்தது பினாங்கில். வாடகை வராததால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை. இடித்துக் கட்டவும் முடியவில்லை. பூ கட்டுகிறவர், தையற்காரர், சொங்கோக் தைப்பவர், ஜோசியர், பத்திரிகை விற்பவர் எல்லாரும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. நீங்கள் ரசிக்கும் 'பழைய ஜார்ஜ்டவுன்' அழியாமல் நின்றதற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம்.

1997-இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 தொடக்கத்திலிருந்து வாடகை கட்டவிழ்ந்தது. பல மடங்கு உயர்ந்த வாடகையைக் கட்ட முடியாத குடும்பங்கள் பயா தெருபோங், ஆயர் ஈத்தாம், எதிர்க்கரை என்று வெளியேறின. உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு: ஒரு தலைமுறைக்கும் மேலாக, தங்கள் சொத்திலிருந்து உருப்படியான வருமானம் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் குடியிருப்போருக்கு மாற்று வீடு பற்றிய திட்டம் போதுமானதாக இல்லை.

எட்டு ஆண்டு கழித்து, 2008 ஜூலை 7 அன்று, மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்கு மதிப்பு வந்தது. இடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. பழுதுபார்க்க உதவித்தொகைத் திட்டங்களும் வந்தன. இவை எல்லாம் நல்லவை, சந்தேகமே இல்லை. அதோடு சேர்ந்து நிலவிலை ஏறியது. வெளியூர், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வாங்கி பூட்டிக் ஹோட்டல், காப்பிக் கடை என்று மாற்றினார்கள். வாழும் மரபு என்று யுனெஸ்கோ பாராட்டிய மக்கள்தொகை மரபுடைமைப் பகுதிக்குள் தொடர்ந்து குறைந்து வந்திருக்கிறது.

கடைத்தெருவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கீழே கடை திறந்திருக்கும், மேல்மாடி ஜன்னல் பூட்டியிருக்கும். கடைக்காரர் காலையில் பிறையிலிருந்தோ ஆயர் ஈத்தாமிலிருந்தோ வந்து இரவில் திரும்பிப் போவார். மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வரும் பலரும் அப்படித்தான்: தெருவில் வீடு இல்லாமல், சாமிக்காக மட்டும் தெருவுக்கு வருகிறவர்கள். வெல்ட் கீ கரையில் இருக்கும் சீனர்களின் கிளான் ஜெட்டிகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில். சூ ஜெட்டியில் முன்கூடம் முழுக்க நினைவுப்பொருள் கடை. பின்னால் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. 'படம் எடுக்காதீர்' என்று கதவில் ஒட்டியிருந்தால் அது அலங்காரம் இல்லை.

பயணி ஒருவர் இதையெல்லாம் சரிசெய்ய முடியாது. ஆனால் எங்கே சாப்பிடுகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், யாரிடம் பூ வாங்குகிறீர்கள் என்பது உங்க கையில். மூன்று தலைமுறையாக ஒரே ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் மாலைக்காரரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தால், எந்த ஆப்பிலும் இல்லாத வழிகாட்டி கிடைப்பார். அவருக்கு வியாபாரம் ஓடினால் பேசுவார். ஓடாத நேரத்தில் இன்னும் நல்லா பேசுவார்.

கிளம்புவதற்கு முன்

மலைக்கு வாரநாளில், முதல் ரயிலுக்குப் போங்க. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு நாட்களில் வரிசை மணிக்கணக்கில் நீளும். மேலே ஊரைவிடச் சில டிகிரி வெப்பம் குறையும், ஆனால் பனிமூட்டம் வந்தால் காட்சி பூஜ்ஜியம். மதியம் 12 முதல் 4 வரை தெருவில் நடக்காதீங்க, வெயில் கொல்லும். அந்த நேரத்துக்கு மசூதி, தர்கா, கோயில் வைச்சுக்கலாம். ஆனால் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இருக்காது, கோயில் நடையும் மதியம் சாத்தப்படும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. தோள், முழங்கால் மூடிய உடை மூன்று இடத்துக்கும் பொது.

ஜூலை 7-ஐ ஒட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. பினாங்கில் அன்று மாநில விடுமுறை. மரபுடைமைக் கொண்டாட்டத்தில் அந்தந்தச் சமூகத்தினரே தங்கள் சமையலையும் கைத்தொழிலையும் தெருவுக்குக் கொண்டுவருவார்கள். தைப்பூசத்துக்குப் போறதா இருந்தா அறையை மாதக்கணக்கில் முன்னாடியே பதிவு செஞ்சிடுங்க. ரதம் வரும் இரவில் செருப்பைக் கழற்றிப் பைக்குள்ள வைச்சுக்கிட்டு நடக்கலாம்னு நினைப்பீங்க, வேண்டாம். உடைஞ்ச தேங்காய் ஓடு காலைக் கிழிக்கும்.